நாய்க்குப் போட்ட மிச்சம்

மர்கோவ் டோல்,
11 ஏப்ரல் 1988

ஃபிராங்கா அக்காவுக்கு யாகா எழுதுவது. முட்டிவலி தவிர மற்றபடி நலம்.

கடைசிக் காலத்தை அம்மா வீட்டுப் பின்னறையில் கழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். வா. ஆனால் முதலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரார் முன்னால், 'என் புருஷன் மில்லு மரத்தூள்தான் குளத்தைக் கெடுத்துச்சு' என்று சொல். விங்கோ அத்தான் தூள் கொட்டிய வண்டியில் பூட்டியிருந்த குதிரையின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

அந்தத் தூளால்தான் இந்த வசந்தத்தில் குளத்துத் தவளைகள் குதிக்கவே இல்லை, கையால் பொறுக்கலாம். பேத்திக்குக் கால்களைப் பொரித்துச் சோளக்களியோடு வைத்தேன். மிச்ச உடம்பை, எல்லா வீட்டிலும் செய்வது போல, பச்சையாக நாய்க்குப் போட்டேன்.

யாகா

ரியேகா,
20 ஏப்ரல்

அன்புள்ள யாகா,

அவர் தூளைக் கொட்டியது கீழ்வயலில். குளத்தில் இல்லை. எத்தனை தடவை சொல்வேன்? இங்கே நான்காம் மாடி. மருமகள் என் நாற்காலியை நாளுக்கு ஒரு மூலைக்கு நகர்த்துகிறாள். ஒரு படுக்கைக்காக மண்ணுக்குள் இருக்கிற மனுஷனைக் குற்றவாளியாக்கச் சொல்கிறாயே.

ஃபிராங்கா

மர்கோவ் டோல்,
15 மே

அக்கா,

கால்நடை மருத்துவர் வந்து குளத்துத் தவளைகளை அறுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சதை முழுக்கத் தட்டைப்புழுக் குஞ்சுகளாம், அதனால்தான் அவை குதிக்கவில்லையாம்.

"நாய்க்கு என்னம்மா போடறீங்க?" என்றார்.

"தவளை மிச்சந்தான். பின்ன வான்கோழியா வறுத்துப் போடுவாங்க?" என்றேன்.

தவளையில் இருக்கிற குஞ்சு நாயின் குடலில் பெரிதாகி முட்டையிடுமாம். நாய் குளக்கரையில் வெளிக்குப் போக, மழை அதைத் தண்ணீரில் சேர்க்க, நத்தைக்குள் புகுந்து வளர்ந்து, அங்கிருந்து தலைப்பிரட்டைக்குள் ஏறுமாம். ஊரே நாய்க்குப் போட்டது, நான் மட்டுமில்லை. மரத்தூள் நல்லது என்றும் அவர் சொல்லவில்லை.

பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். பூசையில் நீ எதுவும் சொல்ல வேண்டாம். வா.

யாகா

ரியேகா,
2 ஜூன்

யாகா,

கூடப் பிறந்தவள் சொன்னபோது நம்பவில்லை. செத்த தவளை சொன்னதும் நம்பிவிட்டாய்.

நான் எதுவும் சொல்ல வேண்டாமா? அவர் மேல் பழியில்லை என்று ஊரார் முன்னால் சொல்ல வேண்டியது நீ. இரண்டு ஞாயிறு காத்திருந்தேன். பூசை முடிந்து நீ வாய் திறந்தாயா என்று உன் பக்கத்து வீட்டு டோன்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "யாகாவா? வெங்காய நாத்துப் பத்திப் பேசினா, போய்ட்டா" என்றாள்.

எனக்கு இந்த நாற்காலி பழகிவிட்டது. நான் வரப்போவதில்லை. இனி எழுதாதே.

பின்னறையில் உருளைக்கிழங்கைக் கொட்டிக்கொள்.

ஃபிராங்கா