நடுப்பத்தி

பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடத்துக்கு மேலாகிறது. இதுவரை நான் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லறைத் தோட்டம் கூப்பிடு தூரம்தானே, சொல்ல வேண்டியதை அங்கே போய் நின்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் இதை நாலு பேர் கேட்கும்படி சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் எழுதி, சபைப் பத்திரிகையில் போடக் கொடுத்திருக்கிறேன். ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். என்னை உங்களுக்குத் தெரியாதா?

முதலில் செய்தி. நம் ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறோம். கட்டடக் கமிட்டிக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். "ஓவர்சியர் சாருக்க வீட்டம்மை அல்லியா, டீச்சருக்குத் தெரியாதது என்ன உண்டு?" என்றார் கமிட்டிச் செயலாளர் செல்வராஜ். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்று சொல்லக் கான்வென்டில் எங்களைப் பழக்கவில்லை. போய்த் தெரிந்துகொண்டு வா என்றுதான் பழக்கினார்கள்.

தெரிந்துகொள்வதற்காக உங்கள் இரும்பு அலமாரியைத் திறந்தேன். கால்வாய், பாலம், பள்ளிக்கூடச் சுவர் என்று நீங்கள் பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோட்டு. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அளவுகோல் வைத்து இழுத்த மூன்று பத்திகள். என்ன கெட்டுப்போகலாம்? முதலில் யாருக்குத் தெரியும்? அப்போது என்ன செய்வது?

தொடங்கும் முன்பே ஒப்பாரியா என்று எத்தனை முறை உங்களைக் கேட்டிருப்பேன்! நீங்கள் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பீர்கள். பெங்களூரில் இருக்கும் நம் மகளிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள். "அம்மா, இதுக்குப் பெரிய படிப்பே இருக்கு. ரிஸ்க் மேனேஜ்மென்ட்னு எங்க ஆபீஸ்ல தனியா ஒரு பிரிவே வச்சிருக்காங்க." உங்களுக்கு ஒரு பென்சில் போதுமாயிருந்தது.

முதல் கூட்டத்தில், ஜெபம் முடிந்ததும், உங்கள் முதல் கேள்வியைக் கேட்டேன். இந்த வேலையில் என்ன கெட்டுப்போகலாம்? நான் ஏதோ தூஷணம் பேசிவிட்டதுபோல் எல்லோரும் பார்த்தார்கள்.

"ஜெபிச்சுத் தொடங்கின வேலையாக்கும் டீச்சரே," என்றார் செல்வராஜ். "கெட்டதை ஏன் நம்ம வாயால செல்லணும்? விசுவாசம் வேண்டாமா?"

"ஓவர்சியர் சாருக்கும் விசுவாசம் உண்டு. பென்சிலும் உண்டு," என்றேன்.

"சாரு பாத்தது சர்க்கார் வேலை. இது கர்த்தருக்க வேலை."

எல்லோரும் ஆமென் என்றார்கள். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்?

அடுத்த வாரம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் வழக்கம்போல் பெட்டி சுற்றி வந்தது. அவரவர் கவலையைச் சீட்டில் எழுதிப் போடுவோமே, அந்தப் பெட்டி. கட்டட வேலைக்காகத் தனியாக ஆளுக்கொரு சீட்டு எழுதிப் போடுங்கள், ஜெபிப்போம் என்றேன். வாயால் சொல்ல அஞ்சியவர்கள் பேனாவால் கொட்டிவிட்டார்கள். ‘கன்னியாகுமரியிலிருந்து கல் கொண்டுவரும் லாரியைக் கேரள எல்லையில் நிறுத்தாதிருக்க.’ ‘ஜேசிபி ஓட்டுகிறவர் திங்கட்கிழமையும் வேலைக்கு வர.’ ‘ஐப்பசித் துலாமழை முந்திக்கொள்ளாதிருக்க.’ ‘கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போடாதிருக்க.’ கடைசிச் சீட்டு செல்வராஜின் மனைவியின் கையெழுத்து.

சீட்டுகளையெல்லாம் ஒரு புது நோட்டின் முதல் பத்தியில் எழுதினேன். மூன்றாம் பத்தியையும் நிரப்பினேன். கல்லை முன்கூட்டியே இறக்கி வைத்தோம். ஜேசிபிக்கு மாற்று ஆள் பேசி வைத்தோம். பரிசு வாங்கிய பிள்ளைபோல எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறுப்பின் பண்டிகையன்று திறப்பு என்று தேதியும் சொல்லிவிட்டேன். நான் தேதி சொன்னால் தேதிதான். அழைப்பிதழும் அச்சாகி வந்தது.

இன்னொன்றும் செய்தேன். வருகிறவர்களின் கார்கள் நிற்க முற்றம் அகலமாக வேண்டும் என்று, மேட்டில் வெட்டிய மண்ணைப் பின்பக்கச் சரிவின் விளிம்பில் தள்ளச் சொன்னேன். கொத்தனார் தயங்கினார். நான்தான் சொன்னேன். அத்தான், இதை எல்லோரும் வாசிக்கட்டும்: நான்தான் சொன்னேன்.

நடுப்பத்தியை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அது எதற்கென்று விளங்கவில்லை. கெட்டது நடந்தால் எல்லோருக்கும்தானே தெரியப்போகிறது? அஸ்திவார வேலை பாதி ஆன பிறகு, ஒரு மழை நாளில் பொழுது போகாமல், உங்கள் பழைய நோட்டுகளில் அந்தப் பத்தியை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். ஒரு இன்ஜினீயர் பெயர்கூட இல்லை. ‘கால்வாயில் துணி துவைக்கிறவர்கள்.’ ‘பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்.’ ‘பள்ளிக்கூடத்தில் கஞ்சி வைக்கிற அம்மை.’ நோட்டை மூடிவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். நம் மண்மேட்டுக்குக் கீழே இருப்பது யார்?

கமலம். நம் அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் ஓட்டு வீடு. நூறு நாள் வேலைக்குப் போகிறவள். அவளும் படுக்கையில் கிடக்கும் மாமியாரும் மட்டும்தான் அங்கே. பெட்டியில் அவள் சீட்டு இல்லை. எப்படி இருக்கும்? அவள் நம் சபையைச் சேர்ந்தவள் அல்லவே.

மழை விட்டதும் படியிறங்கினேன். இந்த முழங்காலோடு எத்தனை வருடத்துக்குப் பிறகு!

"அய்யோ, டீச்சரா! ஒரு வாக்கு செல்லியிருந்தா நான் மேல வருவேனே!"

"கமலம், மேலே மண் போட்ட பிறகு இங்கே ஏதாவது வித்தியாசம் உண்டா?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது.

"மூணு நாளாட்டு இப்பிடித்தான் டீச்சரே. அங்க ஒரு ஓடை உண்டும் இல்லியா, அது மண்ணுக்க அடியில போயாச்சு. முன்ன மழை பெஞ்சா வெள்ளம் அதுவழியாக்கும் போவும். இப்ப உள்ளுக்குள்ள எறங்கி எனக்க கெணத்துல வருது. அம்மை கெடக்குத முறிச் சுவரும் நனைஞ்சாச்சு."

"இதை ஏன் வந்து சொல்லவில்லை?"

"ஆருட்ட செல்ல? நாங்க அம்பலத்துக்குப் போறவங்க. சர்ச்சு வேலைக்கு எடஞ்சல் செய்யியான்னு ஆராவது பறஞ்சா?"

ஓடை இருந்ததே எனக்குத் தெரியாது. நாற்பது வருடம் அதற்கு மேலேதான் குடியிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே வேலையை நிறுத்தச் சொன்னேன். மண்ணை மேலேயிருந்தே வாரி எடுக்க வேண்டும், ஓடையைத் திறக்க வேண்டும், முதலில் கருங்கல்லில் தாங்குசுவர், கட்டடம் அதற்குப் பிறகு. செல்வராஜ் கையைப் பிசைந்தார்.

"நாள் குறிச்சாச்சு, கார்டு அடிச்சாச்சு டீச்சரே. துலாமழைக்கு இன்னும் நாள் கெடக்கு."

"மழைக்கு நம் கார்டு போய்ச் சேரவில்லை, செல்வராஜ்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, தேதியும் தவறு, மண் போட்ட இடமும் தவறு, இரண்டும் என் தவறு என்று சொன்னேன். பிள்ளைகளின் தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டே வயதானவள் நான். என் சொந்தத் தவறைச் சொல்லி முடித்ததும், முன் பெஞ்சில் உங்கள் இடத்தைப் பார்த்தேன். வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

மண்ணெடுத்து முடியும்வரை கமலத்தையும் மாமியாரையும் நம் வீட்டில் தங்கச் சொன்னேன். மாமியாருக்கு உங்கள் அறை. கமலத்துக்குச் சிரிப்பு. "டீச்சருக்க வீட்டுல ஸ்பூன்கூட அட்டென்ஷன்ல ஆக்கும் நிக்கியது!" துண்டை இப்படித்தான் மடிக்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, மாமியார் படுக்கையிலிருந்தே, "ஏட்டி கமலம், இது வீடா பள்ளிக்கூடமா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

பாதி மண் எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லாரியிலிருந்து கல்லைக் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், மிச்சமிருந்த மண் இறங்கி மாமியாரின் அறைச் சுவரைத் தள்ளிவிட்டு உள்ளே நின்றது. கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவு சேறு.

செல்வராஜ் குடையோடு ஓடி வந்தார். உள்ளே நின்ற சேற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆண்டவர் காத்தார்," என்றார்.

"காத்தாரு, காத்தாரு," என்றாள் கமலம். "டீச்சரு படி எறங்கி வந்து கேட்டதினால ஆக்கும் அவருக்கும் வெவரம் கிட்டினது."

செல்வராஜ் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் அந்தச் சேற்றை அள்ள முதலில் மண்வெட்டியோடு இறங்கியவர் அவர்தான். கட்டடத்துக்கு முன்னால் கமலத்தின் அறையைத்தான் கட்டிக் கொடுத்தோம். தாங்குசுவரும் எழுந்தது. அறுப்பின் பண்டிகை வந்தது, போனது. கட்டடம் இன்னும் தரைமட்டத்தில்தான் நிற்கிறது.

அவர்கள் இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். இப்போது வீட்டில் கடிகாரத்தின் சத்தம் மட்டும். உங்கள் அறையில் மாமியாரின் மருந்தெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அந்த ஜன்னலை நான் திறக்காமல் வைத்திருக்கிறேன். போக வேண்டாம் என்றுதான்.

நோட்டுகளை அடுக்கிவைக்கும்போது கடைசி நோட்டில் அந்தப் பக்கம் கிடைத்தது. உங்களுக்கு நினைவிருக்கும். ஓய்வுபெற்ற பிறகு ஒரு மாலை, சாப்பாட்டு மேசையில் நீங்கள் கோடு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். இனி என்ன வேலை வந்தது என்று நான் எட்டிப் பார்த்தேன். முதல் பத்தியில், ‘நான் முந்திப் போனால்.’ நடுப்பத்தியில் என் பெயர், ‘ரெஜினா.’ மூன்றாவதில் பென்சிலை வைத்தீர்கள். நான் அதைப் பிடுங்கினேன். இந்தப் பேச்சு என் வீட்டில் வேண்டாம் என்றேன். செல்வராஜ் சொன்னதையேதான் நானும் சொல்லியிருக்கிறேன், இல்லையா? நீங்கள் சரி என்று நோட்டை மூடிவிட்டீர்கள். மூன்றாம் பத்தியில் இப்போதும் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. பென்சிலை நான் இழுத்தபோது விழுந்த கோணல் கோடு.

அங்கே என்ன எழுத வந்தீர்கள்? உன் கண்டிப்பெல்லாம் போதும், நாலு பேரை வீட்டுக்குள் விடு என்றா? இல்லை, அலமாரிச் சாவி இருக்கும் இடமா? கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

எதிர்ப் பக்கத்தில் எனக்காகக் கோடு இழுத்தேன். முதல் பத்தியில், ‘நான் குளியலறையில் விழுந்தால்.’ நடுப்பத்தியில் எழுத ஒரு பெயரும் வரவில்லை, அத்தான். மகள் பெங்களூரில். செய்தித்தாள் போடுகிறவர்கூட வெளிவாசலிலேயே வீசிவிட்டுப் போகிறார். மதியம்வரை பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு நோட்டை மூடினேன்.

மறுநாள் காலையில் தலை கனத்தது. எழுந்திருக்க மனமில்லாமல் படுத்திருந்தேன். கதவு இடிபடும் சத்தம். திறந்தால் கமலம், மூச்சிரைக்க நிற்கிறாள்.

"ஏழு மணியாவுது, அடுக்களை ஜன்னல் தொறக்கல்லியே!"

"அதற்கு?"

"சாரு போன பெறவு எனக்கு அது பழக்கமாக்கும். ஜன்னல் தொறந்தா டீச்சரு எழும்பியாச்சு. அதைக் கண்டுக்கிட்டுதான் நான் வேலைக்குப் போறது."

மூன்று வருடம்! எனக்குத் தெரியவே தெரியாது. நான் தேயிலை போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு நோட்டைத் திறந்து அவள் பெயரை எழுதினேன்.

மூன்றாம் பத்தியில் எழுதியிருப்பதே உங்களுக்கு என் வாக்கு. வாசல் சாவிகளில் ஒன்று கமலத்திடம் இருக்கும். எழுந்திருக்க மனமில்லாத நாளிலும் ஆறு மணிக்கு அடுக்களை ஜன்னலைத் திறப்பேன். என்னிடம் வந்து என்ன கெட்டுப்போகலாம் என்று யார் சொல்லத் தொடங்கினாலும், அவர்கள் முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன். உங்கள் பக்கத்தின் மூன்றாம் பத்தியை நான் நிரப்பவில்லை. அந்தக் கோணல் கோடு அப்படியே இருக்கட்டும்.

அன்று உங்கள் பென்சிலைப் பிடுங்கிய,
உங்கள் மனைவி
ரெஜினா