ஓடத்துறை வாயிலில் நிற்கும் படைக்கு

“மூட்டை தூக்கினவளுக்கு முடிசூடினவர் பக்கத்துல என்னம்மா வேலை?” என்று இவ்வவையில் ஒருமுறை கேட்கப்பட்டு, “பக்கத்துல நின்னாத்தானே காதுல விழும், ஐயா” என்று விடைசொன்ன ஆவுடையாள் அம்மையாரைக் குறித்து, மலைமுகடும் கடல்முகமும் ஒரு குடைக்கீழ் ஆளும் அரிவளவ மன்னரின் திருவாணைப்படி, தலைமை அமைச்சர் கடம்பவேளார், ஓடத்துறைக்கு வெளியே பாளையமிறங்கியிருக்கும் தளபதி இரும்பனாருக்கு விடுக்கும் ஓலை. உமது வில் தளராதிருக்க. உமது குதிரைகளுக்கு நிழலும் நீரும் குறையாதிருக்க.

வாயிலை உடைத்து நுழையும் ஆணைக்காகக் காத்திருக்கிறீர். அது வராது. காரணம் அறிக.

அம்மையார் ஓடத்துறையின் சுமைகூலிகளுள் ஒருவர். ஊரார் அவரை நகரத் தலைவராகத் தேர்ந்தபோது, தம் வழக்கப்படி ஒரேயொரு மண்முத்திரை சுட்டு அவர் கழுத்தில் கட்டினர். அம்முத்திரை பதியாத ஆணையோடு எந்தப் படையும் அவ்வூருக்குள் நுழையலாகாது என்பது நம் முன்னோர் கொடுத்த வாக்கு. தலைவராயிருந்து அவர் பொது அடுக்களை திறந்தார். துறையில் இறங்கும் நெல்லில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கினார். அந்தப் புகழ் கேட்டே மன்னர் அவரை அழைத்து உழைப்போர் நலம் காக்கும் அமைச்சராக்கினார். ஊர் இன்னும் வேறு தலைவரைத் தேராததால் முத்திரையும் அவர் கழுத்திலேயே இருந்தது.

இவ்வாண்டு எல்லைப் போருக்கென அடுக்களை நெல்லை நாம் எடுத்துக்கொண்டோம். கூலிகள் துறைவாயிலை அடைத்தனர். சமாதானம் பேச அம்மையாரையே அனுப்பினோம். மதில்மேலிருந்து ஒருவன், “ஏன்க்கா, பல்லக்குல வந்தீங்களே, இடுப்பு வலிக்கலையே? இங்க பிள்ளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குதுங்க” என்றானாம். கூட நின்றவர்கள் சிரித்தனராம். அவர் தலைகுனிந்து திரும்பினார்.

இன்று மன்னர் ஆணையோலையை அவர்முன் நீட்டி முத்திரை கேட்டார். நெல்லைத் திருப்பித் தந்தால் வாயில் தானே திறக்கும் என்று அவர் இறைஞ்சினார். பதிக்காவிட்டால் அவரும் துரோகிகளுள் ஒருவராக எண்ணப்படுவார் என்று மன்னர் மொழிந்தார். அம்மையார் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். அரக்கு உருகித் தயாராக இருந்தது. பதிக்கப்போகிறார் என்றே எல்லோரும் எண்ணினோம். அவரோ முத்திரையைக் கல்தரையில் வைத்துக் குதிகாலால் மிதித்துப் பொடியாக்கினார்.

ஊர் வேறொருவரைத் தேரும்வரை நமக்கு முத்திரையில்லை. வாக்கை மீறினால் மற்றத் துறைகளும் வாயிலடைக்கும் என்பதை மன்னர் அறிவார்.

ஆகவே ஆணை: படையை ஆற்றுக்கு அப்பால் நகர்த்துக. மதிலுக்குள் ஓர் அம்பும் விழலாகாது. ஆவுடையாள் இனி அமைச்சரல்லர். அவரைக் கண்டால் பிடித்து அனுப்புக என்று முதலில் எழுதப் பணித்த மன்னர், பின் அவ்வரியை அடிக்கச் சொன்னார், அடித்திருக்கிறது. நெல்லைப் பற்றி இன்னும் அவர் வாய் திறக்கவில்லை.

அரச முத்திரை இடப்பட்டது. இட்டபின் சேர்த்தது: இவ்வோலை அம்மையாரின் காதுபட அவையில் வாசிக்கப்பட்டது. மறுப்பு உண்டோ என மன்னர் வினவினார். அவர் மன்னரை நோக்கிக் கைகூப்பினார்; வெளியே நடந்தார்.