பேர் பதியாத வேலை

11.02.2025
இன்றும் குருக்கள்மடத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். றுமானா அக்காவின் புடவைக்கடையில் இது ஆறாவது வருடம். படித்தது புவியியல், சிறப்புப் பட்டம். இப்போது அதைவிடச் சேலை மடிப்பதில் கெட்டிக்காரி.

ஊழியர் சேமலாப நிதியில் பேர் ஏறினால்தான் சட்டப்படி நான் கடையின் ஆள். அக்கா மறுபடியும் கேட்டார். "யசோ, இ.பி.எஃப்ல பேரப் பதிவமா? களுவாஞ்சிக்குடியில கிளை துறக்கிறன். மனேஜரா உங்களத்தான் போடணும்."

வீட்டில் சொன்னேன். அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். "வேணா புள்ள. பேர் பதிஞ்சா வேலையுள்ள ஆள் எண்டு கணக்கு. பிறகு வேலையில்லாத பட்டதாரிக்குக் குடுக்கிற கவுண்மேந்து நியமனம் கெடைக்காது." என்னோடு படித்த திவாகரனைப் போன முறை அப்படித்தான் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். அம்மா சொல்வது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

14.02
"இப்ப வேணாம் அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

03.03
லேபர் ஒஃபிஸ் ஆட்கள் வந்தார்கள். பேர் பதியாதவள் கடையில் நிற்கக்கூடாது. ஆகவே வழமைபோல நான் கஸ்டமர். கழுத்து அட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டு, சிவப்புச் சேலை ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தேன். உண்மையான கஸ்டமர் ஒருவர், "தங்கச்சி, இது என்ன விலை?" என்றார். விலை ஒட்டியவளே நான்தான். தெரியாது என்று தலையாட்டினேன். அதிகாரி போகும்போது, "உங்களுக்கு நல்ல எடுப்பா இருக்கு மிஸ்" என்றார். கூட வேலை செய்யும் டினுஷா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டோருக்குள் ஓடினாள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய் — சீ, என்ன வாழ்க்கை இது.

20.03
களுவாஞ்சிக்குடிக்கு டினுஷா மனேஜர். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரை மட்டும் படித்தவள், ஆனால் பேர் பதிந்தவள். சந்தோசம் என்றேன். பாதி உண்மை.

12.06
மாவட்டச் செயலகக் கச்சேரியில் பட்டதாரி நியமனத்துக்கு நேர்முகம். பெண் அதிகாரி ஒருவர் கேட்டார், "2018ல முடிச்சிருக்கீங்க. இவ்வளவு காலமும் என்ன செஞ்சீங்க?"

"வீட்டில இருந்தன்." அம்மா சொல்லித்தந்த பதில்.

"ஒரு அனுபவமும் இல்லையா?"

கடையைத் திறப்பது நான். பூட்டுவது நான். கொழும்புக்குப் போய் தீபாவளிச் சரக்கு எடுப்பதும் நான். எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "இல்ல மேடம்" என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. பாவம் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

22.07
பட்டியல் வந்தது. நான் இல்லை. அம்மா சாப்பிடவில்லை.

23.07
நான் இவ்வளவு நாளும் காத்தது எதை? வேலையில்லாதவள் என்ற பேரையா?

"அடுத்த முறை பாப்பம் புள்ள" என்றார் அம்மா. டிசம்பரில் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதோடு விண்ணப்பிக்கவும் ஏலாது. "எனக்கு அடுத்த முறை இல்லம்மா, விளங்குதா?" என்று கத்திவிட்டேன். பிறகு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

01.08
"அக்கா, பேரப் பதிங்க."

றுமானா அக்கா ஏனென்று கேட்கவில்லை. அடையாள அட்டையை வாங்கி எழுதிக்கொண்டு வந்தவர், சேர்ந்த திகதியில் நிறுத்தினார். பழைய திகதியைப் போட்டால், ஆறு வருடம் பதியாததற்கு அவருக்கு வழக்கு வரும். "இண்டைக்குச் சேர்ந்ததாத்தான் போட ஏலும் யசோ. மனசில வெச்சிராதீங்க."

போடச் சொன்னேன்.

பின்னேரம் டினுஷா எனக்குப் போன் எடுத்தாள். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் கிழமை அவளுடைய கிளையில் பழக வேண்டுமாம். "உங்களுக்கு நான் எப்பிடி அக்கா..." என்று இழுத்தாள். அவளுக்கு பில் போடப் பழக்கியவள் நான்.

"திங்கள் வாறன் மிஸ்" என்றேன்.