கூட்டல் ஏழு

காலி நகரம், ஜனவரி 29

எடியெருக்கு,

பஸ் ஓட்டுகிற மெல்கின் கையில் ஒரு பெட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். உள்ளே என் 85 மி.மீ. லென்ஸ். இவள் ஏன் திடீரென்று என்று யோசிக்காதே. நாம் பிரிந்தது கல்யாணத்தில்தான், படத்தில் இல்லை. நம் ஊர்ப் பிப்ரவரிக் கிறிஸ்துமஸை இன்னமும் கேமராவோடு சும்மா வந்த லென்ஸில்தான் எடுக்கிறாய் என்று டுவேர் சொன்னான். என் தம்பிக்கே பொறுக்கவில்லை, எனக்கு எப்படிப் பொறுக்கும்?

கோயிலுக்குள் வெளிச்சம் பத்தாது. 50 போதும் என்பாய். 50 வைத்தால் ஆடுகிறவர்கள் காலை மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். 85 என்றால் தள்ளி நின்றே முகத்தைப் பிடிக்கலாம். லென்ஸின் துவாரத்தை 1.8 வரை திற. ஃபில்டர் மாட்டாதே, மெழுகுவத்திகள் இரட்டை இரட்டையாகத் தெரியும். முன்னால் மாட்டியிருக்கிற ஹூட்டைக் கழற்றாதே. கரும்புச் சாம்பல் விழுந்தால் சட்டையால் துடைக்கிற உன் பழக்கம் வேண்டாம். ஊதுகிற ரப்பர் பந்து உள்ளே இருக்கிறது.

முக்கியமானது: இந்த லென்ஸ் ஃபோகஸை ஒரு விரல் முன்னால் போடும். ஒரு ஞாயிறு முழுக்க அளவுகோலைச் சாய்த்து வைத்துச் சுட்டுச் சுட்டுத் திருத்தினேன். கேமரா மெனுவில் ஃபோகஸ் திருத்தத்தைக் கூட்டல் ஏழு என்று வை. படம் கத்தியாக, துல்லியமாக விழும்.

பத்திரிகையில் ஆறு போட்டோகிராபர்கள் இருக்கிறோம். உன் கண் ஒருத்தருக்கும் இல்லை. இதை நேரில் சொல்ல மாட்டேன்.

நிதியா

—

பிப்ரவரி 8

அன்புள்ள நிதியா,

லென்ஸ் வந்தது. மெல்கின் வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டே ஓட்டினானாம்.

"உன் பொண்டாட்டி கைக்குழந்தையைக் குடுக்கிற மாதிரி குடுத்தா."

"முன்னாள்னு சொல்லு."

"லென்ஸ் குடுக்கிறவ எந்த ஊர்ல முன்னாள்?"

பஸ்ஸே சிரித்தது.

ஆட்ட ஒத்திகையில் எடுத்துப் பார்த்தேன். என்ன கண்ணாடி இது! பின்னாலிருந்த கரும்புக்காடு கரைந்து பட்டுத் துணியாகிவிட்டது. எனக்குத்தான் கை வரவில்லை. ஆடிக்கொண்டிருந்த டோனா எவெலியா அம்மாவின் கண்ணைக் குறிவைத்தால் காதுத் தோடு பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். நீ சிரிப்பதற்காக ஒரு படம் இதோடு வைத்திருக்கிறேன்.

"அந்த நம்பரை எடுத்துட்டு ஒரு தடவ எடேன், மச்சான்" என்றான் டுவேர். "உங்க அக்காவைவிட உனக்குத் தெரியுமோ?" என்று வாயை அடைத்தேன். நீ ஒரு ஞாயிறு உட்கார்ந்து கண்டுபிடித்த எண். தப்பாகாது. என் கைதான் ஆடுகிறது.

டுவேர் சர்க்கரை ஆலைக்கு எதிராக வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறான். அறுவடைக்காக வீட்டோரக் கரும்பைக் கொளுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்துக்கு இருமல் வராது, இங்கே குழந்தைகளுக்கு வருகிறது. ஆலை முதலாளி வீட்டுப் பக்கம் சாம்பல் பறந்ததாக ஒருநாளும் கேள்விப்பட்டதில்லை.

எடியெர்

—

பிப்ரவரி 17

நிதியா,

டுவேரைப் பிடித்துப்போய்விட்டார்கள்.

நேற்று சாயங்காலம் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு ஊரே கோயிலில் இருந்தது. டிசம்பரில் எஜமான் வீட்டு விருந்துக்கு உழைத்துவிட்டு, அடிமைகளாயிருந்த நம் ஆட்கள் பிப்ரவரியில் கொண்டாடிக்கொண்ட கிறிஸ்துமஸ். எஜமான் போய் ஆலை வந்தது. நம் பண்டிகை நாள் அவர்களுக்கும் தெரியும். ஊரில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துக் கடைசி வீட்டு வேலியோரம் தீ வைத்தார்கள்.

விலங்கு பூட்டிய காலைப் போல இழுத்து இழுத்து ஆடும் ஆட்டத்தின் நடுவே எனக்குப் புகை நாறியது. ஓடினேன். ஒருத்தன் பந்தத்தைக் கரும்பில் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் வண்டி. கண்ணைக் குறிவைத்து அழுத்தினேன். ஒரே படம். அந்த வண்டியில் ஏறிப் போய்விட்டான். டுவேர் வாளியோடு ஓடிவந்தான். போலீசும் வந்தது.

"ஆலைக்கு எதிரா கையெழுத்து வாங்குறவன் நீதானே? நீயே கொளுத்திட்டு நீயே அணைக்கிறியா?"

வாளி வைத்திருந்தவனுக்குக் கைவிலங்கு.

அந்த ஒரு படம்தான் அவனை வெளியே கொண்டுவர வேண்டும். அதில் முகம் மங்கல், நிதியா. உன் லென்ஸ் கையில் இருந்தும் கெடுத்துவிட்டேன். மெமரி கார்டை மெல்கினிடம் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் முகத்தைத் தெளிவாக்க முடியுமா? உன் அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு போலீஸ் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே விட மறுக்கிறார்கள்.

எடியெர்

—

காலி, பிப்ரவரி 20

எடியெர்,

படத்தைத் திறந்ததும் உன்னைத்தான் திட்டினேன். பிறகு நீ அனுப்பிய தோட்டுப் படம் ஞாபகம் வந்தது. இரண்டிலும் ஒரே பிசகு, ஒரே பக்கம். கை ஆடினால் இப்படி ஒழுங்காகப் பிசகாது. கூட்டல் ஏழு என் கேமராவும் அந்த லென்ஸும் சேர்ந்தால் வருகிற எண். வேறு கேமரா என்றால் வேறு எண். என் கேமராவின் கோணலை உன் கேமராவின் தலையில் கட்டிவிட்டேன். ஃபோகஸ் முகத்தைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்திருக்கிறது.

தோடு பளிச்சென்று தெரிந்த அன்றே "நிதியா, உன் நம்பர் தப்பு" என்று ஏன் எழுதவில்லை? என்னை மெச்சிக்கொண்டு வாயை மூடிக்கொள்வாய். நம் வீட்டிலும் அதைத்தான் செய்தாய்.

இப்போது கேள். பின்னால் என்ன இருந்தது? வண்டிக் கதவு. ஆலை முத்திரை, வண்டி எண், துருப்பிடித்த திருகு வரைக்கும் எண்ணலாம். அதற்கு முன்னால் பந்தம், தீ, முகமில்லாத ஒரு மனிதன். வக்கீல் ஹிமேனாவிடம் காட்டி, முகம் கெட்டுவிட்டதே என்று அழுதேன்.

"நல்லவேளைன்னு நினைச்சுக்கோ" என்றாள். "முகம் தெரிஞ்சா, 'இவன் காண்டிராக்டர் ஆளு, எங்களுக்குத் தெரியாது'ன்னு அந்த ஏழையை உள்ள தள்ளிட்டு ஆலை கையைக் கழுவிடும். சொந்த வண்டியைத் தெரியாதுன்னு சொல்லட்டும் பாப்போம்."

நாளை முதல் பக்கத்தில் வருகிறது. கீழே உன் பெயர். பத்திரிகை ஆசிரியர் படத்தின் ஓரத்தை வெட்டப் பார்த்தார், விடவில்லை. ஓடிவந்த மூச்சிரைப்பிலும் கடைசி வீட்டு வேலியைப் படத்துக்குள் சேர்த்திருக்கிறாய். அந்த வேலி இல்லாவிட்டால் அது வெறும் தீ. ஃபோகஸ் எண்ணை நான் கெடுத்தேன். வேலியைச் சேர்த்தது உன் கண்.

அவன் யார், உனக்குத் தெரியுமா?

நிதியா

—

மார்ச் 2

அன்புள்ள நிதியா,

டுவேர் வந்துவிட்டான். மூன்று தட்டு சான்கோச்சோ கோழிச் சூப் குடித்துவிட்டு, "ஜெயில் கோழி இதைவிடப் பரவாயில்ல" என்றான். அம்மா அகப்பையை ஓங்கினார். ஆலை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காது. ஆனால் வேலியோரக் கரும்பை இப்போது தீ வைக்காமல் பச்சையாக வெட்டுகிறார்கள்.

அவன் யார் என்று எனக்கு அன்றே தெரியும். டுவேரை மீட்கத்தான் முகத்தைக் கேட்டேன், இனிப் பெயர் எழுத மாட்டேன். தோடு மட்டும் பளிச்சென்று விழுந்ததே, அந்த அம்மாவின் மகன். கரும்பு வெட்டுகிறவன். "பத்த வை, இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே" என்றானாம் காண்டிராக்டர். முந்தாநாள் என் வாசலில் வந்து நின்றான்.

"படத்துல நான் இருக்கேனா?"

பத்திரிகையைக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான்.

"இது யாரா வேணா இருக்கலாமே."

"இந்த ஊர்ல யாரா வேணா."

பத்திரிகையை மடித்துக் கொடுத்தான். பிறகு நேராக டுவேரிடம் போய்க் கையெழுத்துப் போட்டான்.

நீ சொன்னபடி அளவுகோலைச் சாய்த்து வைத்து என் கேமராவுக்குப் பார்த்தேன். கழித்தல் இரண்டு. டோனா எவெலியாவை மறுபடி எடுத்தேன். இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. கழித்தல் இரண்டா மூன்றா என்று மட்டும் சந்தேகம்.

லென்ஸை மெல்கினிடம் கொடுக்கவில்லை. உன் கேமராவோடு நீயே வந்து வாங்கிக்கொள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன்.

எடியெர்