நாளைக்குப் பூ வைக்கிறார்கள்

தை, வியாழன் இரவு

நாளைக் காலை சுண்ணாம்புக்குளத்திலிருந்து எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையாலேயே தலை பின்னிப் பூ வைப்பாராம். போனிலேயே சொல்லிவிட்டார்.

லாரித் தண்ணீரை நாளைய சமையலுக்கென்று அம்மா மூடி வைத்துவிட்டாள். அதனால் அடிபம்பின் உப்புத் தண்ணீரில்தான் தலை குளித்தேன். ஏரிக்காற்றில் எவ்வளவு உலர்த்தியும் முடி பிசுபிசுவென்றே இருந்தது. பொன்னேரி பார்லரில் வேலை செய்யும் சித்தி மகள் மாலா, முடியை நேராக்கும் மிஷினோடு காத்திருந்தாள். அந்த ஈரத்திலேயே வைத்து இழுத்தாள். சர்ரென்று சத்தம்.

"மாலா, பொசுங்குதுடி."

"ஆவிதான் போவுது. இன்னா, பி.எஸ்ஸி. படிச்சா பார்லர் வேலையும் தெரியுமா? சும்மா குந்து."

குந்தினேன். இப்போது சீப்பு வைத்தால் காதோரம் கொத்தாக ஒடிந்து வருகிறது. ஒடிந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. உள்ளே இருந்த ஈரம் கொதித்து முடியையே வெடிக்க வைத்திருக்கிறது. எண்ணெய் தடவி ஒட்டுகிற காரியமில்லை.

"சவுரி வெச்சு மறைச்சுடலாம். நைனாகிட்ட மூச்சு விடாத," என்றாள் அம்மா. "கையோட முடி வந்தா, பொண்ணுக்கு இன்னா சீக்கோன்னு எழுந்து போயிடுவாங்க."

சவுரி பின்னலைத்தான் மறைக்கும். மாப்பிள்ளை அம்மாவின் விரல் முதலில் காதோரம்தானே போகும்?

அவர் சீப்பை எடுப்பதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். அவரை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனில் வெறும் 'ம்' மட்டும்தான். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன்: "அத்தை, என் முடி பொசுங்கிப்போச்சு."

'அத்தை' வரைக்கும்தான் சத்தம் வந்தது.