கொக்கி மாட்டாத அங்கி

பிப்ரவரி 9

அன்புள்ள மகாராணிக்கு,

இங்கே நலம். முழங்கால் வலியைத் தவிர மற்றபடி நீயும் நலமாக இருப்பாய். என் போன கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ள நினைத்திருந்தேன். எழுத விஷயம் கிடைத்துவிட்டதால் அதை ஒத்திவைக்கிறேன்.

நேற்று அருங்காட்சியகம் போனேன். 'ஓவியரும் நாடக மேடையும்' என்று போய்ச்சேர்ந்த என் வீட்டுக்காரரின் படங்களை இரண்டு கூடம் நிறைய மாட்டியிருக்கிறார்கள். ஓவியரின் மனைவி என்று வாசலில் சொல்லியிருந்தால் சீட்டு வாங்காமலே விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. வயதானவர்கள் வரிசையில் நின்று பாதி விலையில் நுழைந்தேன். அந்தச் சலுகை நானே சம்பாதித்தது.

முதல் கூடத்தில் உங்கள் குழுவுக்கு அவர் தீட்டிக் கொடுத்த படுதாக்கள். ஒழுகும் கொட்டகையில் சுருட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து நீங்கள் சீட்டாடுவீர்கள் என்று அவர் புலம்புவாரே, அதே படுதாக்கள்தான். இப்போது முன்னால் கயிறு கட்டி, மூச்சுக்காற்று படக்கூடாது என்று காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கூடம் முழுக்க நீ. அதாவது, நீ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ராணி வேஷத்துச் சிவப்பு அங்கியோடு முதுகைக் காட்டி நிற்கும் பெண். ஜன்னலோரம், ஏணியடியில், திரைக்குப் பின்னால். எல்லாவற்றுக்கும் கீழே 'நடிகை' என்று ஒரே தலைப்பு. அங்கியின் முதுகுப்புறம் கொக்கி மாட்டாமல் திறந்து கிடக்கும். அதன் எதிரே ஒரு பேராசிரியர் மாணவர்களை நிறுத்திவைத்து, உலகத்துக்கு முகத்தையும் தனிமைக்கு முதுகையும் கொடுத்துவிட்ட கலைஞரின் காயம் அது என்று விளக்கினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காயமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. உன் அளவுக்குத் தைத்த அங்கி எனக்குப் போதவில்லை. நீ வெளியூருக்கு நாடகம் போடப் போய்விட்டாய் என்று சொல்லித்தான் என்னை அதில் நுழைத்து நிற்கவைத்தார். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன், கொக்கி எட்டவில்லை. இரண்டு ஊக்குகளைக் குத்திக்கொண்டு நின்றேன். மனிதர் அதையும் விடாமல் வரைந்திருக்கிறார். அவை சமூகம் பூட்டிய விலங்குகள் என்கிறார் பேராசிரியர்.

பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் அதே அங்கியைத் தலையில்லாத பொம்மைக்கு மாட்டியிருக்கிறார்கள். பொம்மை உன் உடல்வாகு. கொக்கிகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீ சொன்னால் கேட்பார்கள். 'அது நானில்லை, ஓவியரின் மனைவி' என்று ஒரு வரி எழுதிப் போடு. ஊர் உன்னையும் அவரையும் சேர்த்துப் பேசிய காலத்திலும் உன்மேல் எனக்குக் கோபமில்லை. இருந்தால் இத்தனை வருஷமாகத் தபால்தலைக்குச் செலவு செய்வேனா? கோபம் அவர்மேல்தான். நீ கிடைக்காத நாளில் உன் அங்கியை மாட்டிவைக்க அவருக்கு ஓர் ஆணி வேண்டியிருந்தது. வீட்டில் நான் இருந்தேன். ஆணி யார் என்று சுவரில் எழுதிவிடட்டும், போதும்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் மகாராணி எழுதுவது. சாம்ராஜ்யம் இப்போது ஒரே அறை, குளியலறை பொது. மற்றபடி குறையில்லை.

கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். உங்களை அழைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். பூங்கொத்து கொடுத்து, அந்தப் படத்தின் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். இது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கைதட்டிவிட்டார்கள். கைதட்டல் வந்தால் வசனத்தை நிறுத்திவிட வேண்டும் என்று பழகிய உடம்பு அக்கா, நின்றுவிட்டேன். அடங்கியதும் சொல்லலாம் என்று பார்த்தால் எல்லோரும் பலகாரத்துக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வாடகை வாங்க வரும் வீட்டுச் சொந்தக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். நாளைக்கே உண்மையை எழுதிப் போடுகிறேன். அவர் மறுபடி உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதானே.

ஒன்றுதான் புரியவில்லை. நான் வெளியூர் போயிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வருஷம் நான் எங்கேயும் போகவில்லையே? மேடைப் படியில் விழுந்து முழங்கால் உடைந்து, ஒத்திகை மாடியில் கட்டிலோடு கிடந்தேன். ஓவியர் அண்ணன் வந்து என் கண்ணெதிரில்தான் அங்கியை மடித்து எடுத்துப்போனார். "நான் வந்து உட்கார்றேனே அண்ணா, முதுகுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

"வேண்டாம்மா. நான் வரையணும்னு நினைக்கிறது அவளைத்தான். நேரா கேட்டா நிக்க மாட்டா. நீ ஊர்ல இல்லன்னு சொல்லிக்கிறேன், காட்டிக் கொடுத்துடாதே" என்றார்.

உங்களுக்குள் ஏதோ விளையாட்டு, படம் முடிந்ததும் உடைத்துச் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாதா அக்கா?

உங்கள்,
மகாராணி


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அருங்காட்சியகத்துக்கு எழுதிவிட்டேன். முதலில் என் தன்னடக்கத்தைப் பாராட்டிப் பதில் போட்டார்கள். மறுபடி எழுதினேன். இப்போது ஓவியரின் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாத முடிவோடு கண்காட்சி முடிகிறதாம். போய் வாருங்கள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

மகாராணி


ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ தப்பாக ஒன்றும் எழுதவில்லை. உன் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். இரண்டாம் முறை எடுக்கத் தைரியம் வரவில்லை.

எனக்குத் தெரியாது. அப்போது நான் கொட்டகைப் பக்கம் வந்ததில்லை, நீயும் நானும் பழகியதில்லை. பிற்பாடு உன் முழங்கால் கதையைக் கேட்டபோது அது எந்த வருஷம் என்று கேட்கத் தோன்றவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "இப்படி உட்காரு, வரையறேன்" என்றார். "என்னை வரைஞ்சு யார் தலையில கட்டப் போறீங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு நேராகக் கேட்டதில்லை.

அவருடைய கடைசி வருஷங்களில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சாப்பாடு ஆயிற்றா, விளக்கை அணைக்கட்டுமா என்பதற்குமேல் நான் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. என்ன கோபம் என்று கேட்டுப் பார்த்தார். "உங்களுக்கே தெரியும்" என்றேன். அவருக்குத் தெரியாது என்பது உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

கண்காட்சியின் கடைசி நாள் போனேன். அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, காகிதத்தையும் நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. நீ என்று எழுதியிருப்பதை மாற்ற வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன் வீட்டுச் சொந்தக்காரர் எழுந்து நின்றபடியே இருக்கட்டும். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் சுவரில் எழுதச் சொன்னேன். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அதற்குமேல் சுவரில் எழுதி என்ன ஆகப்போகிறது?

யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னிடம் சொல்கிறேன். உன் அங்கியோடு நின்ற ஒவ்வொரு நாளும் வேலை முடிகிறபோது, "ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பேன்" என்பார். "முகம் வேணும்னா முகத்துக்குச் சொந்தக்காரி ஊருக்கு வரட்டும்" என்று ஊக்கைக் கழற்றிக்கொண்டே அறையை விட்டுப் போய்விடுவேன்.

அன்றைக்கு மூடும் மணி அடிக்கிறவரை கூடத்து நடுவில் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்க நான்தான். ஒரு படத்திலும் திரும்பவில்லை.

அக்கா