இரண்டாவது சிட்டு

எஸ்டேட் குவார்ட்டர்ஸ், குன்னூர் வழி
18.8.2002, ஞாயிறு

அன்பு மகள் ராஜப்ரியாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் மழைக்கும் குளிருக்கும் ஈடுகொடுத்து நலமாக இருக்கிறோம். அங்கே சீமையில் நீ சௌக்கியம் என்று நாலு பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், ஒரு தரம் மட்டும் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அம்மா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஏனுங்க, புள்ள என்ன திங்கறான்னு ஒரு வரி கூட இல்லீங்களே, எதையோ மறைக்கறா பாருங்க என்றாள். அவளை அதட்டி அடக்கினேன், ஆனால் எனக்கும் அதே சந்தேகம்தான். நீ போன் செய்யும்போது எதையும் கேட்க முடிவதில்லை. பூத்துக்காரன் ஆறுக்குட்டி பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான், நாம் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம் கூடத் திருப்புவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், ஒட்டும்போதும் இரண்டு தரம் பசை தடவித்தான் ஒட்டப் போகிறேன்.

இங்கே தேயிலை விலை இன்னும் எழுந்திருக்கவில்லை. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, மற்ற நாள் புகைபோக்கியைப் பார்த்தால் ஊரே பட்டினி கிடக்கிற மாதிரி இருக்கிறது. இத்தலாரில் உன் சித்தப்பா தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டிருக்கிறார், நல்ல லாபம் என்கிறார், லாபம் வருகிறவன் வாயால் சொல்லிக்கொண்டு திரியமாட்டான். சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அவசர சிகிச்சைப் பிரிவில் உன்னை மேல்நிலை நர்ஸாக ஆக்கப் போகிறார்கள், வருகிற நோயாளியை முதலில் நீதான் பார்ப்பாய், யார் உடனே உள்ளே போக வேண்டும் யார் காத்திருக்கலாம் என்று நீதான் சொல்வாய், தையல் போடுவாய், எக்ஸ்ரே எடுக்க எழுதிக் கொடுப்பாய், மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவாய், எல்லாவற்றுக்கும் கீழே உன் கையெழுத்தே போதும், டாக்டரைத் தேடி ஓட வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் அம்மா அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்துவிட்டாள். நான் அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தேன். எத்தனையோ வருஷம் படித்த டாக்டர்கள் இருக்கும்போது, நம் மலையிலிருந்து போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள் என்றால் சும்மாவா வைப்பார்கள்? நல்லது நடந்தால் ஆஸ்பத்திரிக்குப் பெயர், கெட்டது நடந்தால் கீழே யார் கையெழுத்து என்று பார்ப்பார்கள். நீ வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவள். உனக்கு ஆறு மாதம் தனியாகப் படிப்பு வைத்தார்கள், பரீட்சை வைத்தார்கள், சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே டாக்டர் இருப்பார் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இருப்பார் கண்ணு, எல்லாம் சரியாக நடக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருப்பார்.

இவ்வளவு சந்தேகம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறது என்று நீ கேட்பாய். போன வருஷம் நம் எஸ்டேட் டிஸ்பென்சரி நர்ஸ் பியாட்ரிஸ் சிஸ்டர் என் கடிதத்துக்கு ஏன் பதில் போடுவதில்லை என்று நீ கேட்டபோது, தானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு நாடுகாணியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதினேன். நாடுகாணி மட்டும் நிஜம். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதற்கு நானும் ஒரு காரணம். இதை உன் அம்மாவிடம் கூட இன்னும் சொல்லவில்லை.

தேயிலை விழுந்ததும் எஸ்டேட்டில் முதலில் வெட்டியது டாக்டரைத்தான். தினமும் வந்துகொண்டிருந்த டாக்டர் குமாரசாமி செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வர ஆரம்பித்தார். அடுத்து பெட்ரோலில் கை வைத்தார்கள், டாக்டர் கையெழுத்துப் போட்ட சிட்டு, அந்த அனுமதிச் சீட்டு, இல்லாமல் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஜீப்போ லாரியோ குன்னூருக்குக் கிளம்பக் கூடாது என்று உத்தரவு. டாக்டர் இல்லாத நாளில் சிட்டுக்கு எங்கே போவது? அதனால் அவர் வெறும் சிட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார், சிஸ்டர் பெயரும் நோவும் எழுதி நிரப்பிக்கொள்வார். இது மேனேஜருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சிட்டுகள் டிஸ்பென்சரியில் இருந்தால் ஆளாளுக்கு லீவுக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மேனேஜரிடம் சொல்லி, அவற்றை என் மேஜை டிராயருக்கு மாற்றிப் பூட்டி வைத்தவன் நான். ஹெட் கிளார்க் என்றால் கெட்டிக்காரன் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு புதன்கிழமை ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் மலைத்தேனீ கலைந்துவிட்டது. கொழுந்து எடுக்கிற கருப்பம்மாவுக்கு முகமெல்லாம் வீங்கிப் பேச்சே வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வேலை செய்துகொண்டிருந்த பரமசிவனுக்கு நாலே கொட்டு, தானாக நடந்து வந்தான். சிஸ்டர் இரண்டு பேருக்கும் ஊசி போட்டுவிட்டு, முதலில் கருப்பம்மாவை அனுப்ப வேண்டும் என்று சிட்டுக்கு ஆள் விட்டார், உடனே கொடுத்தேன், ஜீப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் டிஸ்பென்சரி ஆயா ஆயம்மாள் ஓடி வந்து, பரமசிவனுக்குக் குப்புன்னு வேர்க்குதுங்க, நாடி எறங்குதுங்க, தேயிலை லாரியிலயாச்சும் அனுப்போணுமாம், ரெண்டாவது சிட்டு குடுங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க என்றாள். அப்போது மணி பத்து ஐம்பத்தைந்து. என் கண்ணுக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம்.

நான் கொடுக்கவில்லை. ஸ்ரீமதுரையில் மச்சினன் கல்யாணம் என்று பரமசிவன் முதல் நாள் லீவு கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோம். நாலு கொட்டு வாங்கினவன், நடந்து வந்தவன், தண்ணீர் கேட்டுக் குடித்தவன், கல்யாணத்துக்குப் போக நடிக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பங்களாவுக்கு போன் போட்டேன், அவர் காட்டில் இருந்தார், திரும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு சிஸ்டரே மூச்சு வாங்க ஓடி வந்தார். சார், அவரு நடந்து வந்தாருன்னு பாக்காதீங்க, இப்ப நான் பாத்துட்டு வந்து சொல்றேன், அவருக்குத் தாங்காது, சிட்டக் குடுங்க என்றார். நான் அவரைப் பார்த்து, நீங்க என்ன டாக்டருங்களா என்று கேட்டேன் கண்ணு. ஆபீசில் நாலு பேர் முன்னால் கேட்டேன். அவர் கை நீட்டியபடியே அங்கேயே நின்றார். பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் போனில் வந்து சரி என்ற பிறகுதான் டிராயரைத் திறந்தேன். லாரி குன்னூர் போய்ச் சேருவதற்குள் பரமசிவன் போய்விட்டான்.

பிறகு மேனேஜர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட்டை டைப் செய்தவனும் நான்தான். இரண்டாவது சிட்டை நர்ஸ் கேட்டதே பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான், அதுவரை நோயாளி காத்திருக்கலாம் என்று அவரே தவறாக முடிவு செய்துவிட்டார் என்று அடித்தேன். வெறும் சிட்டில் நான் கையெழுத்தே போட்டதில்லை என்று டாக்டர் குமாரசாமி எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் சிஸ்டர் அனுமதியில்லாமல் டாக்டர் வேலை பார்த்ததாக இன்னொரு குற்றம். எல்லாம் மூன்று காப்பி. அன்றைக்கு யாரை முதலில் அனுப்ப வேண்டும் என்று அவர் எடுத்த முடிவும் சரி, அடுத்து இவன் என்று சொன்னதும் சரி. கருப்பம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள். அந்தம்மா இல்லாட்டி என்னய எப்பவோ மண்ணுல வச்சிருப்பீங்க என்று போன மாதம் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

சிஸ்டர் கேஸ் போட்டிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை குன்னூரில் விசாரணை, சாட்சி சொல்ல எனக்குக் காகிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொல்லி காபி வரவழைத்தார். இருபத்தேழு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை, காபியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டைம் விஷயத்துல ரிப்போர்ட்ல இருக்கறதையே சொல்லிருங்க வேலுசாமி, ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷந்தானே, குவார்ட்டர்ஸ்ல நிம்மதியா இருங்க என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அந்தப் புது வேலைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடட்டுமா அப்பா என்று கேட்டாயே. வேண்டாம் என்று நேற்று ஒரு கடிதம் எழுதி முடித்துக் கிழித்துப் போட்டேன். போடு கண்ணு. நோயாளி வாசலில் வந்து விழும்போது பார்த்ததும் புரிந்துகொள்கிற ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும், அவர் வார்த்தைக்கு எல்லோரும் நகர வேண்டும், அந்த ஆள் நீயாக இருந்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் டாக்டர் எப்படி என்று மட்டும் விசாரித்துவிட்டு இருந்துவிடாதே. நீ அனுப்பு என்றால் அனுப்புகிறவன் யார், அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், எதையாவது பூட்டி வைத்திருக்கிறானா, எல்லாவற்றையும் போய்ப் பார். நீ கேட்ட நேரத்தை உன் கையாலேயே உன் நோட்டில் எழுதி வைத்துக்கொள், பியாட்ரிஸ் சிஸ்டர் அதைச் செய்யவில்லை, என்னை நம்பினார். என்னைப் போல ஒருத்தன் எந்த ஆபீசிலும் இருப்பான்.

வியாழக்கிழமை பத்து ஐம்பத்தைந்து என்றுதான் சொல்லப் போகிறேன். சிட்டு என் டிராயரில் இருந்ததையும் சொல்வேன், டாக்டர் கையெழுத்தையும் சொல்வேன். இப்போது, அம்மா தூங்குகிற நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு எழுதும்போது தைரியமாகத்தான் இருக்கிறது. அங்கே மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருப்பார். நான் யாரையும் லேசில் நம்பாதவன் என்று உனக்குத் தெரியும், அந்த விசாரணை அறையில் என்னையும் நான் நம்பவில்லை. பரமசிவனை நினைத்தால் சோறு இறங்குவதில்லை, குவார்ட்டர்ஸை நினைத்தால் நாக்கு எழும்புவதில்லை.

உனக்கு எல்லா நலமும் வளமும் சேரட்டும், உன் கையால் நாலு உயிர் பிழைக்கட்டும், அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். அங்கே குளிர் ஆரம்பிப்பதற்குள் நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, என்ன சாப்பிட்டாய் என்று எழுது. மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. இது வந்து சேரும்போது விசாரணை முடிந்திருக்கும். நான் அங்கே என்ன சொன்னேன் என்று என்னிடம் கேட்காதே, பியாட்ரிஸ் சிஸ்டரிடம் கேள், அவருடைய நாடுகாணி விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. நான் வேறு நேரம் சொல்லியிருந்தால் இதை அப்படியே அவருக்கு அனுப்பிவிடு.

உன் அப்பா
வே. வேலுசாமி
(முழுக் கையெழுத்தும் தேதியும் கீழே போட்டிருக்கிறேன்)